அந்தாட்டிக்கா உறைந்ததற்குக் கடல்வழி திறந்ததுதான் காரணமா?

கல்முனையில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "அந்தாட்டிக்காவில் ஒரு காலத்தில் காடு இருந்ததாம். தென்னமெரிக்கா விலகி, நடுவில் டிரேக் கடல்வழி திறந்ததால்தான் அது பனிக்கண்டம் ஆனது என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரு கடல்வழி திறந்தால் ஒரு கண்டமே உறைந்துபோகுமா? நம்முடைய கடலிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல்வழி திறந்ததற்குப் பங்கு உண்டு, ஆனால் அது தனியாகச் செய்த வேலை இல்லை. வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு குறைந்ததே பெரிய காரணம் என்ற பக்கம்தான் இன்றைக்குச் சான்றுகள் சாய்கின்றன. நம்முடைய கடலிலும் நடந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். வகுப்பில் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. அந்தப் பாதி எப்படி வந்தது, மற்றப் பாதி என்ன என்பதைப் பார்த்தால் விசயம் முழுதாகப் பிடிபடும்.

காடு இருந்தது உண்மைதான். 2010இல் ஜோய்டஸ் ரெசொலூசன் என்ற துளையிடும் கப்பல் கிழக்கு அந்தாட்டிக்காவின் வில்க்ஸ் நிலக் கரைக்கு வெளியே கடலடியைத் துளைத்தது. ஏறத்தாழ 52 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுகளில் பனைக் குடும்பத்து மரங்களின் மகரந்தம் கிடைத்தது. பனை வகைகள் கடும் உறைபனியைத் தாங்காதவை. மாதக்கணக்கில் சூரியனே எட்டிப் பார்க்காத துருவக் குளிர்காலத்திலும் அந்தக் கரையோரம் உறையாமல் இருந்திருக்கிறது. அப்போது காற்றில் இருந்த காபனீரொட்சைட்டு இன்றைய அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்தக் காலத்து உலகப் படம் வேறு. அதற்கும் முன்னால் இலங்கை, இந்தியா, அவுஸ்திரேலியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா, அந்தாட்டிக்கா எல்லாம் கொண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பில் ஒட்டிக் கிடந்தன. அதில் இலங்கை கிழக்கு அந்தாட்டிக்காவுக்கு அருகே இருந்தது. நமது பழைய உருமாறிய பாறைகளுக்கும் அங்கே லுட்சோவ்-ஹோம் குடாப் பக்கத்துப் பாறைகளுக்கும் உள்ள ஒற்றுமையைப் புவிச்சரிதவியலாளர்கள் நீண்ட காலமாக ஒப்பிட்டு வருகிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வயல் நடுவே எழும்பி நிற்கும் மொட்டைப் பாறைகளெல்லாம் விஜயன் தொகுதி என்று அழைக்கப்படுகிற அந்தப் பழைய பாறைகள்தான். நாங்கள் சீக்கிரமே பிரிந்து வடக்கே போய்விட்டோம். அவுஸ்திரேலியாவும் தென்னமெரிக்காவும்தான் அந்தாட்டிக்காவை விடாமல் நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தன. அவுஸ்திரேலியாவின் பிடி விட்ட இடம் தஸ்மானியக் கடல்வழி. தென்னமெரிக்காவின் பிடி விட்ட இடம் டிரேக் கடல்வழி, இன்றைக்கு அதன் அகலம் ஏறத்தாழ 800 கிலோமீற்றர்.

ஏறத்தாழ 34 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், அதாவது இயோசீன் காலம் முடிந்து ஒலிகோசீன் தொடங்கும் இடத்தில், அந்தாட்டிக்காவில் பெரும் பனிப்படலம் உருவானது. சில லட்சம் ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றம் அது. புவிச்சரித அளவில் அது மிக வேகம்.

இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். கடலடியில் போராமினிபெரா என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்ன உயிர்கள் சுண்ணாம்பு ஓடு கட்டி வாழ்கின்றன. நீரில் உள்ள ஒட்சிசனுக்கு 16, 18 என்ற திணிவெண் கொண்ட சமதானிகள், அதாவது எடை மட்டும் வேறுபட்ட அணு வகைகள், உண்டு. 16 இலேசானது, அதனால் அதைக் கொண்ட நீர் சற்று எளிதாக ஆவியாகும். அந்த ஆவி துருவத்தில் பனியாக விழுந்து கரையாமல் கிடந்தால், இலேசான ஒட்சிசன் நிலத்தில் சிறைப்பட்டுவிடும். கடலில் 18இன் பங்கு கூடும், ஓடுகளிலும் கூடும். நீர் குளிர்ந்தாலும் ஓட்டில் 18 கூடும். 34 மில்லியன் ஆண்டுப் படிவில் இந்த அளவு சட்டென்று ஏறுகிறது. உலகின் பல சமுத்திரங்களிலும் ஒரே நேரத்தில் ஏறுகிறது.

1973இல் குளோமார் சலஞ்சர் என்ற கப்பல் தென் சமுத்திரத்தில் துளையிட்டு எடுத்த படிவுகளை வைத்து ஜேம்ஸ் கெனெற், நிக்கலஸ் ஷக்கிள்டன் போன்றவர்கள் இந்தக் கதையை வாசித்தார்கள். 1977இல் கெனெற் எழுதிய விளக்கம்தான் இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இருப்பது. இரண்டு கடல்வழிகளும் திறந்தன, அந்தாட்டிக்காவைச் சுற்றி ஒரு நீரோட்டம் வளையமாக ஓடத் தொடங்கியது, வடக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரை அது தடுத்தது, கண்டம் தனிமைப்பட்டு உறைந்தது.

இதன் பௌதிகம் அழகானது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். சுழலும் பூமியில் மேற்பரப்பு நீர் பெருமளவில் வடக்கு தெற்காக ஓட வேண்டுமென்றால், கிழக்கிலோ மேற்கிலோ அதற்குச் சாய்ந்துகொள்ள ஒரு கரை வேண்டும். கரையில் நீர் சற்று உயர்ந்து குவியும். அந்த உயர வேறுபாடு இருந்தால்தான் நீரோட்டம் கரையோரமாகத் துருவம் வரை இறங்கும். அவுஸ்திரேலியாவும் தென்னமெரிக்காவும் ஒட்டியிருந்த வரைக்கும் அந்தச் சுவர்கள் இருந்தன. அயனப் பக்கத்து வெப்பம் பெரிய நீர்ச்சுழல்களில் ஏறித் தெற்கே அந்தாட்டிக்கக் கரை வரை போனது. சுவர் உடைந்ததும் சாய்வதற்கு ஒன்றுமில்லை. மேலைக்காற்று தள்ள, நீர் மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்று அந்த வளைய நீரோட்டம் செக்கனுக்கு 130 முதல் 170 மில்லியன் கன மீற்றர் வரை நீரைக் கொண்டுபோகிறது. உலகத்து ஆறுகள் அத்தனையும் சேர்ந்து கடலில் கொட்டுவது செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் கன மீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு பொருத்தமான விளக்கத்தில் என்ன குறை?

முதல் குறை காலக்கணக்கு. தஸ்மானியக் கடல்வழி ஆழமானது ஏறத்தாழ 35.5 முதல் 33.5 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். அது நன்றாகப் பொருந்துகிறது. டிரேக் வழியில்தான் சிக்கல். அது திறந்த காலத்துக்குச் சொல்லப்படும் கணக்குகள் 50 மில்லியனில் தொடங்கி 17 மில்லியன் வரை பரந்து கிடக்கின்றன. பழைய மீன் பற்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. செத்த மீனின் பல் கடலடியில் கிடக்கும்போது சுற்றியுள்ள நீரிலிருந்து நியோடைமியம் என்ற உலோகத்தை உறிஞ்சிக்கொள்ளும். பசுபிக் நீரின் நியோடைமியம் சமதானி விகிதமும் அத்திலாந்திக் நீரின் விகிதமும் வேறு. அத்திலாந்திக் பக்கத்துப் பற்களில் ஏறத்தாழ 41 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே பசுபிக்கின் அடையாளம் வந்துவிட்டது. அப்படியென்றால் ஏதோ ஓர் ஆழமற்ற வழியாவது அப்போதே இருந்திருக்கிறது, கண்டம் உறைய இன்னும் 7 மில்லியன் ஆண்டுகள் இருக்கும்போதே.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. 2003இல் டிகொன்ரோ, பொலார்ட் என்ற இருவர் கணினி மாதிரியில் இதைச் சோதித்தார்கள். காபனீரொட்சைட்டை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு போனார்கள். டிரேக் வழி மூடியிருந்தாலும் கண்டம் உறைந்தது. திறந்திருந்தால் சற்று அதிக காபனீரொட்சைட்டிலேயே, அதாவது சற்று முன்னதாக, உறைந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தாட்டிக்காவில் பெரும்பனி பிடிக்கிற எல்லை, காற்றில் காபனீரொட்சைட்டு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 750 பங்கு என்று பின்னர் கணக்கிட்டார்கள். 2009இல் இன்னொரு சான்று வந்தது, அதுவும் நமது இந்து சமுத்திரத்தின் மறுகரையான தன்சானியாவிலிருந்து. அங்கே நிலத்தில் துளையிட்டு எடுத்த பழைய கடற்படிவு ஓடுகளில் உள்ள போரன் சமதானிகளை அளந்து, அந்த மாற்றக் காலத்துக் காபனீரொட்சைட்டைக் கணித்தார்கள். கிடைத்த அளவு அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

மூன்றாவது, கடல்வழி மட்டும்தான் காரணமென்றால் தெற்கு குளிரும்போது வடக்கு சற்று வெதுவெதுப்பாக வேண்டும். தெற்கே போகாத வெப்பம் எங்காவது தங்கத்தானே வேண்டும்? ஆனால் அந்தக் காலத்தில் வடக்கிலும் பல இடங்கள் குளிர்ந்தன. மொத்தமாகக் குளிர்ந்தால் மொத்தக் கணக்கில் ஏதோ குறைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

நம்மூர்க்காரருக்கு இதை விளக்க முகத்துவாரத்தை விட நல்ல உதாரணம் இல்லை. மாரிமழை பிடித்து வாவி நிரம்பி, படுவான்கரை வயல்களில் தண்ணீர் ஏறும்போது ஆற்றுவாயை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். வெட்டினால் நீர் கடலுக்கு இறங்கும், பின்னால் உப்பு உள்ளே வரும், வாவியின் மீனும் இறாலும் அதற்கேற்ப மாறும். ஒரு மண்திட்டு திறப்பதாலும் மூடுவதாலும் முழு வாவியின் குணமே மாறிப்போகிறது. ஆனால் எத்தனை மழை பெய்தது என்பதை அந்த ஆற்றுவாய் தீர்மானிப்பதில்லை. வந்த நீரும் உப்பும் எங்கே போகும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கும். கடல்வழிகளும் அப்படித்தான். பூமிக்கு மொத்தமாக எவ்வளவு வெப்பம் நிற்கும் என்பது சூரியனும் காபனீரொட்சைட்டும் சேர்ந்த கணக்கு. அதைப் பங்கிடுவது கடல்வழி.

வெட்டுகிற ஆழம் முக்கியம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது பல பாடக்குறிப்புகளில் விடுபட்டுப்போகிறது. 2021இல் வெளியான நுணுக்கமான ஒரு கணினி மாதிரி ஆய்வில், இரண்டு வழிகளில் ஒன்று 300 மீற்றருக்குள் ஆழமற்றுக் கிடக்கும் வரை வெப்பநீர்ச் சுழல்கள் அந்தாட்டிக்கக் கரையைத் தொட்டுக்கொண்டே இருந்தன. இரண்டும் அந்த ஆழத்தைத் தாண்டியபின் சுழல்கள் தளர்ந்து கரையோர நீர் 4, 5 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தது. அதனால் நான் கெனெற்றின் கருத்தைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். காபனீரொட்சைட்டு எல்லையை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கடல்வழி அந்தாட்டிக்கக் கரையைத் தயார்ப்படுத்தியது என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அப்புறம் அந்த வளைய நீரோட்டமே ஆழத்திலிருந்து ஊட்டச்சத்தை மேலே கொண்டுவந்து நுண்பாசிகளை வளர்த்தது, அவை கார்பனை உறிஞ்சிக் கடலடிக்குக் கொண்டுபோயின, அதனாலும் குளிர் கூடியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. காரணமும் விளைவும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகிற மாதிரி.

ஆழம் பற்றிய இதே விசயத்தை நமது பாக்கு நீரிணையிலும் பார்க்கலாம். 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்குக் குடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைவு. ஆகவே யாழ்ப்பாணமும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்தன. விலங்குகளுக்கும் மனிதருக்கும் அது பெரிய விசயம். உலகக் காலநிலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அவ்வளவு ஆழமற்ற வழியால் போன வெப்பம் அற்பம்.

மூடிக்கிடந்த கடலுக்கு உதாரணம் வேண்டுமென்றால் வடதுருவத்துக்குப் போகவேண்டும். நமது பக்கத்தில் மாட்டுத் தீவனத்துக்கும் வயலுக்கும் வளர்க்கிற அசோலா தெரியும்தானே? 2004இல் ஆட்டிக் சமுத்திரத்தின் நடுவே லொமொனோசோவ் மலைத்தொடரில் துளையிட்டபோது, ஏறத்தாழ 49 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவில் அந்த அசோலாவின் எச்சங்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. அசோலா நன்னீர்ச் செடி. அன்றைய ஆட்டிக் மற்றச் சமுத்திரங்களோடு தொடர்பு மிகக் குறைந்த கடலாக இருந்தது, ஆற்றுநீர் மேலே படலமாக மிதந்தது, அதில் அசோலா ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படர்ந்தது. செத்த செடி ஒட்சிசன் இல்லாத அடியில் மக்காமல் புதைந்தது, அதோடு கார்பனும் புதைந்தது. பின்னர், ஏறத்தாழ 17.5 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பாட்டுக்கும் இடையே பிராம் நீரிணை போதிய அளவு அகன்று அத்திலாந்திக் நீர் உள்ளே வந்ததும் ஆட்டிக் காற்றோட்டமுள்ள சமுத்திரமாக மாறியது. ஒரு கடல்வழி காபனீரொட்சைட்டின் கணக்கையே தொட்டிருக்கக்கூடிய இடம் இது. அதனால்தான் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வாதாடக்கூடாது என்கிறேன்.

மத்தியதரைக் கடலையும் ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும். ஏறத்தாழ 5.97 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அத்திலாந்திக்கோடு இருந்த தொடர்பு ஒடுங்கியது, ஆறுகள் கொண்டுவந்ததைவிட ஆவியானது அதிகமாகியது, அடியில் சில இடங்களில் ஒரு கிலோமீற்றருக்கும் மேல் தடிப்பான உப்பு படிந்தது. 5.33 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஜிப்ரால்டர் வழி மீண்டும் திறந்தது.

பனாமாவுக்கு வருவோம், ஏனெனில் வினாத்தாளில் அதுவும் வரக்கூடும். வட, தென் அமெரிக்காக்களுக்கு நடுவே இருந்த வழி படிப்படியாக ஒடுங்கி ஏறத்தாழ 3 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் முற்றாக மூடியது. அது வரைக்கும் பசுபிக்கும் அத்திலாந்திக்கும் அங்கே நீரைப் பரிமாறிக்கொண்டன. மூடிய பின் நீர் போகமுடியாது, ஆனால் காற்று போகும். வியாபாரக் காற்று அத்திலாந்திக்கிலிருந்து நீராவியைத் தூக்கிப் பனாமாவைத் தாண்டிப் பசுபிக்கில் மழையாக இறக்குகிறது. உப்பு மட்டும் அத்திலாந்திக்கிலேயே தங்கிவிடுகிறது. இன்றைக்கும் அத்திலாந்திக் பசுபிக்கைவிட உப்பானது. உப்பான நீர் வடக்கே போய்க் குளிர்ந்தால் பாரமாகி ஆழத்துக்கு இறங்கும், அதை நிரப்பத் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீர் ஓடிவரும். அத்திலாந்திக்கின் பெரும் நீர்ச்சுற்றோட்டம் வலுத்தது இப்படித்தான் என்கிறார்கள். ஏறத்தாழ 2.7 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வட அரைக்கோளத்தில் பெரும் பனிப்படலங்கள் வளரத் தொடங்கியதால், பனாமாதான் காரணம் என்று பலர் எழுதினார்கள். வடக்கே போன வெப்பநீரால் ஈரம் கூடிப் பனி அதிகம் விழுந்தது என்பது வாதம். ஆனால் 2008இல் வந்த மாதிரி ஆய்வுகள் கிரீன்லாந்தின் பனிக்குப் பனாமா மூடியதன் பங்கு சிறிது, காபனீரொட்சைட்டு குறைந்ததன் பங்கு பெரிது என்று காட்டின. அந்தாட்டிக்காக் கதை அப்படியே திரும்ப நடக்கிறது பாருங்கள்.

விடைத்தாளில் "டிரேக் வழி திறந்தது, அந்தாட்டிக்கா உறைந்தது" என்று ஒற்றை வரியில் எழுதாமல், கடல்வழி வெப்பத்தைப் பங்கிட்டது, காபனீரொட்சைட்டு எல்லையைத் தாண்டிக் குறைந்தது என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள் தம்பி. திருத்துபவர் எந்தப் பழைய குறிப்பை வைத்திருந்தாலும் அது பிழையாகாது.

இனி நம்முடைய கடல். இந்து சமுத்திரம் வடக்கே ஆசியாவால் அடைபட்டது. அதற்கு அயனப் பகுதியில் கிழக்கிலிருந்து நீர் வருகிற ஒரே வாசல் இந்தோனேசியத் தீவுகளுக்கு இடையே உள்ள வழிகள். பசுபிக்கின் நீர் அந்த வழியாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 15 மில்லியன் கன மீற்றர் வருகிறது, அதில் பெரும்பங்கு போர்னியோவுக்கும் சுலவேசிக்கும் நடுவே மக்காசர் நீரிணையால். 2001இல் மார்க் கேன், பீற்றர் மோல்னர் இருவரும் ஒரு கருத்தை வைத்தார்கள். 3 முதல் 4 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நியூகினித் தீவு வடக்கே நகர்ந்தும், ஹல்மஹேரா போன்ற தீவுகள் உயர்ந்தும் அந்த வாசல் ஒடுங்கியது. அதற்கு முன் தென் பசுபிக்கின் வெதுவெதுப்பான நீர் உள்ளே வந்தது, பின்னர் வட பசுபிக்கின் குளிர்ந்த நீர் வரத் தொடங்கியது. வாசல் மூடவில்லை. வருகிற நீரின் ஊர்தான் மாறியது.

அதற்கான சான்று கிடைத்த இடம் நமக்குத் தென்கிழக்கே இருக்கிறது. வங்காள விரிகுடாவிலிருந்து தெற்கே 90 பாகை கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டி கடலடியில் ஒரு நீண்ட மலைத்தொடர் ஓடுகிறது, தொண்ணூறு கிழக்கு மலைத்தொடர் என்று பெயர். அதில் எடுத்த படிவின் போராமினிபெரா ஓடுகளை அளந்தபோது, 3.5 முதல் 2.95 மில்லியன் ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் மேற்பரப்புக்குக் கீழே உள்ள நீர் ஏறத்தாழ 4 பாகை குளிர்ந்து, உப்பும் குறைந்திருப்பது தெரிந்தது. 2009இல் வெளியான ஆய்வு அது. கேனும் மோல்னரும் சொன்னதோடு நன்றாகப் பொருந்துகிறது.

அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். இந்து சமுத்திரம் குளிர்ந்ததால் ஆவி குறைந்தது, கிழக்கு ஆபிரிக்காவில் மழை குறைந்து காடு புல்வெளியானது, மனிதனின் முன்னோர்கள் வாழ்ந்த சூழல் அப்படித்தான் மாறியது என்றார்கள். இந்தக் கடைசிப் படியில் நான் கொஞ்சம் நிதானமாக நிற்பேன். கிழக்கு ஆபிரிக்காவில் நிலமே உயர்ந்து மழைமறைவு உண்டானதும் வறட்சிக்குக் காரணம். அதே காலத்தில் உலகம் முழுவதும் குளிர்ந்துகொண்டும் இருந்தது.

இந்த வாசல் இனியும் மாறுமா என்று கேட்டால், மாறும். அவுஸ்திரேலியா ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் வடக்குப் பக்கமாக இப்போதும் நகர்ந்துகொண்டிருக்கிறது, நியூகினியும் அதோடு சேர்ந்து போகிறது. ஒரு கிலோமீற்றர் நகரவே 14,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். நமது மழையில் அண்மைக் காலத்தில் தெரிகிற மாற்றங்களுக்கு இந்த நகர்வைக் காரணம் சொல்லமுடியாது. ஆனால் எல் நினோ ஆண்டுகளில் அதே வாசலால் வருகிற நீர் குறைகிறது. அது சில மாதங்களுக்குள் நடக்கிற மாற்றம், மக்காசர் நீரிணையில் கருவிகளை இறக்கி அதை அளந்து வருகிறார்கள்.